காய்ச்சல் விட்ட பிறகு

காய்ச்சலோடு வருகிறவர்கள் எந்தக் கிழமையும் வருவார்கள். காய்ச்சல் விட்டபின் வருகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள். பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம் அது. பல்லடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். இருட்டுகிற நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார். கையில் மருத்துவர் சீட்டு இருக்காது. "ஏனுங்ணா, காச்சல் உட்டு மூணு வாரமாச்சுங். கை கால் அசதி போகவே மாட்டீங்குது. எதிர்ப்பு சக்திக்கு நல்லதா ஒண்ணு குடுங்க."

இந்த 'நல்லதா ஒண்ணு'க்காக என் கடையில் ஒரு அலமாரியே இருக்கிறது. டானிக் பாட்டில்கள், புரதப் பொடி டப்பாக்கள், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகள், கசாயப் பொடிகள் எல்லாம் வருகிறவர் கண்ணுக்கு நேராக அடுக்கியிருக்கும். காய்ச்சல் மாத்திரையில் சில்லறை லாபம்தான். கடை வாடகையைக் கட்டுவது அந்த அலமாரி. நானும் விற்கிறேன். விற்காவிட்டால் பத்தடி தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. ஆனால் எடுத்துக் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேட்பேன். டி.பார்ம் முடித்துத் தொண்ணூறுகளின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அந்தக் கேள்விகள் படிப்பில் வந்தவை அல்ல, கல்லாவில் நின்று கற்றவை.

முதல் கேள்வி: "இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்ட்டீங்க?"

பாதிப் பேர் சொல்லும் பதில், "ஒரு செட் வாங்கிச் சாப்ட்டனுங்."

செட் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கத்தரிக்கோலால் அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, வேளைக்கு ஒன்று என்று மடித்துத் தருவது. பெரிய வெள்ளை மாத்திரை பாராசிட்டமால். சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. கடைசியாக ஒரு குட்டி மாத்திரை. வெட்டிய துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ, ஸ்டீராய்டு அது. சட்டப்படி மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து. ஆனால் செட்டுக்குப் பெயர் வாங்கித் தருவதே அதுதான். காலையில் சாப்பிட்டவர் மதியம் எழுந்து தறியோட்டப் போய்விடுவார். அந்தக் குட்டி மாத்திரை இல்லாத செட்டை வாங்கிப் போகிறவர் மறுநாள் வந்து, "நேத்துக் குடுத்தது கேக்கவேயில்லீங்" என்பார்.

ஸ்டீராய்டு செய்கிற வேலை, உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. வலி, வீக்கம், காய்ச்சல் இவையெல்லாம் பெரும்பாலும் கிருமி நேரடியாகச் செய்பவை அல்ல. கிருமியை எதிர்த்து நம் உடம்பு செய்பவை. அந்த எதிர்ப்பை அடக்கினால் வலி போய்விடும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், முகம் உப்பி வட்டமாகும், எலும்பு தேயும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஸ்டீராய்டுதான் வெளியிலிருந்து வருகிறதே என்று தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எழுந்து நிற்கக்கூடத் தெம்பிருக்காது. ஆக, வாரக்கணக்கில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைத் தின்றுவிட்டு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக் கேட்டு வருகிறார்கள். இரண்டுக்கும் காசு அவர்களுடையது.

இந்தக் கூத்தை நான் முழுசாகப் பார்த்தது 2006-இல், சிக்குன்குனியா வந்தபோது.

நம் நாட்டுக்கு அது புது நோய் அல்ல. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் வந்து ஆட்டிவிட்டுப் போனது. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்து, 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-இல் மட்டும் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் பாதித்ததாக அரசுக் கணக்கு. எங்கள் பக்கம் அது பரவியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மழை குறைந்த ஊர். குழாயில் நல்ல தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டு வரும். வந்த அன்றைக்குப் பிடித்து வைக்க வாசலிலும் கொல்லையிலும் டிரம்கள் நிற்கும். அவற்றில் நிறைய, சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வந்த நீல டிரம்கள்; காலியானதும் கழுவித் தண்ணீருக்கு வைத்துக்கொள்வது திருப்பூர் வட்டாரப் பழக்கம். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது, இந்த நல்ல தண்ணீருக்குத்தான் வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். அடுத்த தடவை தண்ணீர் பிடித்ததும் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால் ஒழிய அது போகாது.

அந்த வருஷம் கடைக்கு வந்தவர்கள் நடந்த நடை இன்னும் கண்ணில் நிற்கிறது. இடுப்பை நிமிர்த்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்ற முடியாமல் வருவார்கள். காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டுவிடும். விரல் மூட்டும் மணிக்கட்டும் கணுக்காலும் விடாது. தறியில் பாவு இழை அறுந்தால் இரண்டு விரலால் பிடித்து முடிபோட வேண்டும். அது முடியவில்லை என்று தறிக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்களுக்குக் கத்தரியில் விரல் நுழையவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கை மடங்காது. சிலருக்கு இது மாதங்கள் நீடித்தது, சிலருக்கு வருஷத்தைத் தாண்டியது. நாற்பது வயதைக் கடந்தவர்களும் ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்களும் கூடுதலாக அவதிப்பட்டார்கள்.

அப்போது ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுதான்: "கிருமி இன்னும் உள்ளுக்குள்ளயே இருக்குதுங். எதிர்ப்பு சக்தி பத்தலை." உண்மை வேறு மாதிரி. வைரஸ் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு மூட்டில் எரிவதில் பெரும்பங்கு, அடங்காமல் நிற்கும் நம் எதிர்ப்பு மண்டலத்தினுடையது. சண்டைக்குக் கிளம்பிய படை வீடு திரும்பவில்லை. இந்த நிலையில் எதிர்ப்பை இன்னும் 'கூட்டி' என்ன ஆகப்போகிறது? அடங்க விட வேண்டும். அதற்கு நாளாகும். மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். அவர்களிடம் அதற்கான மருந்துகள் உண்டு, சோதித்துப் பார்த்துக் கொடுப்பார்கள். செட் கொடுப்பவரிடம் இல்லை.

இதே சங்கதியை இன்னொரு நோயின் பெயரில், இன்னொரு கண்டத்திலிருந்து கேட்க நேர்ந்தது. என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு தறி முதலாளியின் மகன் ஜவுளிப் பொறியியல் படிக்க ஜெர்மனி போயிருந்தான். ஒருநாள் அவர் ஒரு துண்டுச் சீட்டில் 'லைம்' என்று எழுதி எடுத்து வந்தார். "பையனுக்கு இதுதானாம். உண்ணி கடிச்சு வருதாம். நம்மூர் ஆட்டு உண்ணி கடிச்செல்லாம் எவனுக்கு என்ன ஆச்சு? நீங்க எதிர்ப்பு சக்திக்கு நல்லதாப் பார்த்து எடுத்து வைங்க, கூரியர்ல அனுப்பிச்சரலாம்."

லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு ஊர். 1970-களின் நடுவில் அங்கே பல குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீங்கியது. அதை விடாமல் எழுதி வைத்து மருத்துவர்களை நச்சரித்தவர்கள் அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் வந்து விசாரித்தார். கிருமியை உண்ணியின் வயிற்றில் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டார்ஃபர். 1982-இல் அது வெளிவந்தது, கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஐரோப்பாவின் காட்டுப் பகுதிகளிலும் அது நிறைய. நம் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளைச் சுற்றியிருக்கும் மக்களில் சிலருடைய ரத்தத்தில் அந்தக் கிருமி தொட்டுப்போன தடயம் இருப்பதை பெங்களூரு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காடுகள் நமக்குக் கூப்பிடு தூரம்தான்.

பையன் வாரக் கடைசியில் காட்டுக்குள் நடக்கப் போயிருக்கிறான். தொடையில் ஒரு சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் அகலமானது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை, விட்டுவிட்டான். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனான். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சில வாரங்களுக்குக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. அசதி வடியவில்லை. நாலு மாடிப்படி ஏறினால் படுக்க வேண்டும், படித்தது மண்டையில் நிற்கவில்லை. லைம் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் இப்படி நீடிக்கிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. நாள்பட்ட லைம் என்று மக்கள் சொல்வதில் இதுவும் அடக்கம்.

கிருமி ஒளிந்திருக்கும், இன்னும் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெறுமனே கேட்கவில்லை, சோதித்திருக்கிறார்கள். 2001-இல் அமெரிக்காவில், ஒரு மாதம் நரம்பு வழியாகவும் இரண்டு மாதம் வாய் வழியாகவும் மருந்து கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். 2016-இல் நெதர்லாந்தில் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கூடுதல் பலன் இல்லை. மாதக்கணக்கில் நரம்பில் குழாய் மாட்டி மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு அந்தக் குழாய் வழியாகவே ரத்தத்தில் வேறு கிருமி புகுந்தது மிச்சம்.

பையனிடம் அந்த ஊர் மருத்துவர் சொன்னதாக அப்பா என்னிடம் சொன்னது: தூக்கத்தைச் சரி பண்ணு, சத்தாகச் சாப்பிடு, நன்றாக இருக்கும் நாளிலும் பாதி வேலையே செய், ரத்தச் சோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார். அவருக்கு இது திருப்தியாக இல்லை. "இதுக்கு எதுக்குங் டாக்டரு? எங்கம்மாவே சொல்லியிருக்கும்." மருந்து எதுவும் எழுதித் தராத மருத்துவர் மேல் நம் ஊரில் யாருக்கும் மரியாதை வராது. நான் கூரியருக்கு எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் வேறெங்கோ வாங்கி அனுப்பினார். பையன் தேறியது ஏறக்குறைய ஒரு வருஷத்தில். எதனால் தேறினான் என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

ஆட்டு உண்ணி என்று அவர் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கிழக்கே பொங்கலூர், குண்டடம் பக்கம் போனால் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு ஆடு மாடு மேய விட்ட புல்வெளி. அங்கிருந்து ஒரு ஆத்தாவை மருமகள் கூட்டி வந்தாள். பத்து நாளாகக் காய்ச்சல். இரண்டு இடத்தில் செட் வாங்கியாயிற்று. நான் மருந்து கொடுக்கவில்லை, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே மருத்துவர் புடவைக் கட்டைத் தளர்த்திப் பார்த்திருக்கிறார். இடுப்பில் உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது என்பதால் கடிபட்டவருக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, கவட்டி, மார்புக்கு அடியில் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். காலத்தில் பார்த்தால் டாக்ஸிசைக்ளின் ஒரு வாரம் போதும், மலிவான மருந்து. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய்விடும். அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது நல்லது என்று காட்டியது வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு, 2023-இல் வெளியானது.

டாக்ஸிசைக்ளின் வாங்க மருமகள் வந்தபோது, கூடவே தெம்புக்கு இரும்புச்சத்து டானிக்கும் கால்சியம் மாத்திரையும் எடுத்தாள். "எல்லாத்தையும் சோத்துக்கப்புறம் ஒண்ணாக் குடுத்தறலாமுங்களா?" என்று கேட்டாள். நல்ல வேளை கேட்டாள். இரும்பும் கால்சியமும் வயிற்றெரிச்சல் மருந்தும் டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. மருந்து உள்ளே போகும், வேலை செய்யாது. எதிர்ப்பு சக்திக்கென்று கொடுத்த டானிக் கிருமியைக் காப்பாற்றும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். என் யோசனை அதைவிட எளிது: அந்த ஒரு வாரத்துக்கு டானிக் வேண்டாம். அந்த மாத்திரையை ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கினதும் படுக்கக்கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். வயதானவர்கள் வாயை நனைக்கிற அளவு தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்வதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

2020 வந்ததும் எல்லோருமே மருந்துக்கடைக்காரர்கள் ஆனார்கள். வைட்டமின் சி மாத்திரைக்கு வரிசை, துத்தநாக மாத்திரைக்குப் பரிந்துரை, தெருமுனையில் கபசுரக் குடிநீர் அண்டா. பதினைந்து சரக்கு சேரும் கசாயம் அது. சித்த மருத்துவர் பார்த்து நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் காலை மாலை என்று மாதக்கணக்கில் காப்பிக்குப் பதிலாகக் குடித்தவர்கள் இருந்தார்கள். அதில் சேரும் சீந்திலைத் தனியாகத் தொடர்ந்து எடுத்துக்கொண்ட சிலருக்கு ஈரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. நான் நடுவே ஒன்று மட்டும் சொல்வேன்: ஈரலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

அந்த வருஷம் மார்ச்சில் நடந்த இன்னொன்று யாருக்கும் நினைவில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்று கிளம்பியதும், ஊரே அதை வாங்கிப் பதுக்கியது. மார்ச் 26-ஆம் தேதி அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. அதுவரை அந்த மருந்தை மாதாமாதம் வாங்கி வந்தவர்கள் மூட்டுவாதக்காரர்கள், லூபஸ் நோயாளிகள். எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்குகிறவர்கள். ஊருக்கெல்லாம் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்ற பதற்றத்தில் அவர்களுடைய மாத்திரை அலமாரியிலிருந்து காணாமல் போயிற்று. என் வாடிக்கையான ஒரு டீச்சரம்மா ஊர் ஊராகக் கேட்டு அலைந்தார்.

அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் அதே டெக்ஸாமெத்தசோன். ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு அது உயிர் காத்தது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2020 ஜூனிலேயே அதைக் காட்டிவிட்டது. அங்கே கொன்றுகொண்டிருந்தது அளவு மீறிய எதிர்ப்பு. ஆனால் வீட்டிலேயே லேசான காய்ச்சலோடு இருந்தவர்களும் முதல் நாளிலிருந்தே விழுங்கினார்கள். சர்க்கரை எகிறியது. கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணைப் பறித்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. ஒரே மாத்திரை, இடம் தெரிந்து கொடுத்தால் உயிர், தெரியாமல் கொடுத்தால் கண்.

சரி, அசதியோடு வந்து நிற்கிறவருக்கு நான் என்னதான் சொல்கிறேன்?

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்பது எங்கள் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலின் மேலேயே எழுதியிருக்கிறது, ஐந்து சதம் என்று. அதாவது 25 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளர் சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாறில் இருப்பதுதான். சலைன் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு. வாந்தியெடுத்து வாயால் குடிக்க முடியாதவருக்கு அது உயிர்த்தண்ணீர். நடந்து வந்து நிற்பவருக்கு வீண் செலவு. சிவப்பு ஊசி ஒன்று உண்டே, அது பி12. குறைபாடு இருந்தால் நல்ல மருந்து. இல்லாவிட்டால் சிறுநீரில் போய்விடும்.

சோறு எதிர்ப்பு சக்தி தருமா என்று கேட்பவர்களுக்கு ஜார்க்கண்டைக் காட்டுவேன். 2019-இலிருந்து 2022 வரை, காசநோயாளிகள் இருக்கும் வீடுகளில் மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதம் குறைந்தது. எந்த டப்பாவின் மேலும் இப்படி ஒரு கணக்கை நான் படித்ததில்லை. அரசும் இப்போது காசநோயாளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உணவுக்கென்றே வங்கியில் போடுகிறது. 2018-இல் ஐந்நூறாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இரட்டித்தார்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: அசதியோடு சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் எடை குறைதலும் இருந்தால் அது 'காய்ச்சல் விட்ட அசதி' அல்ல. சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். டானிக் குடித்து இரண்டு மாதம் கடத்தாதீர்கள்.

கறிக்கோழிக்குப் பண்ணை விலையை அறிவிப்பதே பல்லடத்தில்தான். இங்கே சொல்லும் விலைதான் சுற்று மாவட்டமெல்லாம் ஓடும். அந்த ஊரில் தறியோட்டுகிறவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி, மற்ற நாளெல்லாம் ரசஞ்சோறும் டீயும் பன்னும். ஐம்பது கிலோ எடையுள்ளவர் நோயிலிருந்து தேறும்போது நாளைக்கு அறுபது கிராம் புரதமாவது வேண்டும். முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம். கால் லிட்டர் பாலுக்கு ஏழெட்டு. நூறு கிராம் கொள்ளில் இருபதுக்கு மேல். நம் கொங்குப் பக்கத்துக் கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறுக் கடைசலும் அரிசிம்பருப்புச் சாதமும் சும்மா வந்த சமையல் அல்ல. புரத டப்பா கேட்பவரிடம் பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று படித்துக் காட்டுவேன். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று அவரே கணக்குப் போடுவார். சிலர் டப்பாவை வைத்துவிட்டுப் போவார்கள். சிலர், "அதெல்லாம் இருக்கட்டுமுங்ணா, இதுலயும் ஒண்ணு குடுங்க" என்பார்கள். கொடுத்துவிடுவேன்.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சிக்குன்குனியா அசதி என்று ஒரு வருஷம் ஓட்டிய, பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர் ஒருவருக்குக் கடைசியில் பார்த்தால் சர்க்கரை. சர்க்கரையை அடக்கியதும் அசதி ஓடிவிட்டது.

எல்லாவற்றையும் விடச் சொல்லச் சிரமமானது தூக்கமும் ஓய்வும். சிகாகோவில் இளைஞர்களைச் சில இரவுகள் நாலு மணி நேரமே தூங்கவிட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்து அவர்களுக்கு உண்டான எதிர்ப்பொருள், நன்றாகத் தூங்கியவர்களுக்கு உண்டானதில் பாதிக்கும் கீழே. 2002-இல் வெளிவந்தது அது. இந்த ஊரிலோ ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது சாதாரணம். தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேரம், வாரம் விட்டு வாரம் இரவு. தகரக்கூரைக்குக் கீழே, அடுத்த குடோனின் தறிச் சத்தத்தில் பகல் தூக்கம். நான் அவர்களிடம் போய் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்றால் சிரிக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கொஞ்சம் தெம்பாக இருந்தால், விட்ட கூலியைப் பிடிக்க மூன்றாம் நாள் ஒன்றரை ஷிப்ட் போய்விடுவார்கள். நாலாம் நாள் எழுந்திருக்க முடியாது. சிக்குன்குனியாவிலும் இதுதான், கொரோனாவிலும் இதுதான், ஜெர்மனிப் பையனுக்கும் இதுதான் நடந்தது. தெம்பு வந்த நாளில் பாதியைச் செலவு செய்து பாதியை மிச்சம் பிடிக்க வேண்டும். முதல் வாரம் அரை நாள், அப்புறம் முழு நாள், இரவு ஷிப்ட் கடைசியாக. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அரை நாள் என்பது அரைக் கூலி. ஆகவே என் வாடிக்கையாளருக்கு எதிர்ப்பு சக்தி குறைவதற்கு முதல் காரணம் எது என்று கேட்டால், வைட்டமின் இல்லாதது அல்ல, லீவு இல்லாதது என்பேன்.

அந்த லீவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர், ஈ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் இருந்தால், சம்பளத்தில் முக்கால் சதம் பிடிப்பார்கள். முதலாளி மூன்றேகால் சதம் கட்ட வேண்டும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. கூலிக்கு ஓட்டும் சின்னத் தறிக்குடோன்களில் இது பெரும்பாலும் எட்டாது; பனியன் கம்பெனிகளில் எட்டும். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்து மருத்துவரின் சான்று வேண்டும், என் கடை ரசீது செல்லாது. சம்பளச் சீட்டை எடுத்துப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் இல்லையென்றால், காய்ச்சல் வருவதற்கு முன்பே கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆட்களை முழுசாகப் பதிவு செய்யுங்கள்.